கிருமி செத்த பிறகும் முட்டி ஏன் மடங்கவில்லை?

போன வருஷம் தைப்பூசத்துக்கு எங்கள் தெரு மாமா ஒருவர் குன்றக்குடியில் கிளம்பிப் பழனிக்கு நடந்து போனார். வயது அறுபதுக்கு மேல், பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. நத்தம் போவதற்குள் உள்ளங்காலில் கொப்புளம் போட்டு உடைந்திருக்கிறது, வழியில் யாரோ மஞ்சள் வைத்துத் துணி கட்டிவிட்டார்கள், சாமியைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் காரைக்குடி வந்து சேர்ந்தார். வந்து ஒரு வாரத்தில் இடது முட்டி வீங்கியது. "அவ்வளவு தூரம் நடந்தால் வீங்காதா" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன், கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறவன், நானும்தான் சொன்னேன். தைலம் தேய்த்தார்கள், மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள், மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தபோது கொசுக்கடியாக இருக்கும் என்று நினைத்தார்கள். ஐந்தாம் நாள் காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முட்டியில் ஊசி குத்தி உறிஞ்சியபோது வந்தது நீர் இல்லை, சீழ்.

முட்டியைத் திறந்து கழுவினார்கள். ஆறு வாரம் ஆன்டிபயாடிக் ஓடியது. கிருமியின் பெயர் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், நம் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகவே குடியிருக்கும் பாக்டீரியா, கால் கொப்புளத்தின் வழியே ரத்தத்தில் ஏறியிருக்க வேண்டும். இரண்டாவது முறை எடுத்த மூட்டு நீரில் எதுவும் வளரவில்லை. சரி, பிழைத்தார். ஆனால் மூன்று மாதம் கழித்துத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டார்: "கிருமியெல்லாம் செத்துப்போச்சுன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்குப்பா. அப்புறம் ஏன் முட்டி மடங்க மாட்டேங்குது?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் அவர் நம்பமாட்டார், நான் முதல்முதலில் படித்தபோதும் நம்பவில்லை. முட்டியை அரித்ததில் கிருமியின் பங்கு பாதிகூட இல்லாமல் இருக்கலாம். பெரும்பகுதியைச் செய்தது அவருடைய சொந்த வெள்ளணுக்கள். கிருமி செத்த அன்றைக்கே அவை வேலையை நிறுத்துவதும் இல்லை.

முதலில் மூட்டு எப்படிப்பட்ட இடம் என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் அரைத்து அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்த சுவர், நூறு வருஷம் கழித்தும் கை வழுக்கும், வெயில் காலத்திலும் குளிர்ந்திருக்கும். எலும்பு முனைகளின் மேல் இருக்கிற குருத்தெலும்பு அப்படிப்பட்ட ஒரு பூச்சு. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பது அக்ரிகன் என்கிற பெரிய மூலக்கூறு, அது மெத்தைக்குள் இருக்கும் பஞ்சு மாதிரி. பஞ்சு சிதறாமல் இழுத்துக் கட்டிவைத்திருப்பது கொலாஜன் இழைகள். இவற்றை உண்டாக்கிப் பராமரிக்கிற உயிரணுக்கள் மிகச் சொற்பம், மொத்தக் கனஅளவில் நூற்றில் சில பங்குதான். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது, தனக்கு வேண்டிய சத்தை மூட்டு நீரிலிருந்து ஊறி எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்தம் வராத இடத்தில் காயம் ஆறாது. அந்தப் பழைய பூச்சில் ஒரு மூலை பெயர்ந்தால் இன்றைக்கு சிமெண்டை வைத்து அடைக்கிறோமே, அதே போல உடலும் குருத்தெலும்பு போன இடத்தில் ஒரு முரட்டு நார்த்திசுவை வைத்து அடைக்கிறது. அடைபடும், வழுக்காது.

இந்தப் பூச்சைச் சுற்றி மூட்டு உறை என்று ஒரு மெல்லிய சவ்வு. ஆரோக்கியமான நிலையில் அதன் உட்புறம் ஒன்றிரண்டு உயிரணு தடிமன்தான் இருக்கும், அதற்குக் கீழே நுண்ணிய ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடும். உடம்பில் பல இடங்களில் ஒரு திசுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே அடித்தளச் சவ்வு என்று ஒரு வேலி இருக்கிறது, மூட்டு உறையின் உட்புறத்தில் அந்த வேலி இல்லை. மூட்டு நீர் சுலபமாக ஊறி வர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது, ஆனால் ரத்தத்தில் மிதந்து வரும் பாக்டீரியாவுக்கும் அதே வழி திறந்துகிடக்கிறது. உள்ளே வந்த ஸ்டெஃபிலோகாக்கஸிடம் கொலாஜனையும் ஃபைப்ரோனெக்டின் என்ற திசுப் புரதத்தையும் பிடித்துத் தொங்குவதற்கென்றே தனிப் புரதங்கள் உண்டு. போதாததற்கு, மூட்டு நீரில் இருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற, ரத்தம் உறைய உதவும் புரதத்தைச் சுற்றிக்கொண்டு பாக்டீரியாக்கள் கட்டிகட்டியாகத் திரண்டு மிதக்கும், அந்தக் கட்டிக்குள் மருந்தும் சரியாக எட்டாது.

மூட்டுக்குள் இப்போது ஆயிரக்கணக்கான பாக்டீரியா. முதலில் பார்ப்பது மூட்டு உறையிலேயே குடியிருக்கிற மேக்ரோஃபேஜ்கள், அதாவது விழுங்கணுக்கள். பாக்டீரியாவின் சுவர்த் துண்டு, அதன் கொழுப்புப்புரதம், அதன் டி.என்.ஏ. என்று ஒவ்வொன்றையும் அடையாளம் காண இவற்றின் மேல் உணரிகள் உண்டு. கண்டதும் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-8 என்று சமிக்ஞைப் புரதங்களை வாரி இறைக்கும். பக்கத்து ரத்தக் குழாய்ச் சுவர்கள் இளகும், நீர் கசியும், முட்டி வீங்கும், சூடாகும். சமிக்ஞையின் வாசனை பிடித்துக்கொண்டு நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள், இவையும் ஒரு வகை விழுங்கணுக்கள்தான், வந்து இறங்கும்.

நியூட்ரோஃபிலைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் கதையின் நடுவில் நிற்பது இதுதான். நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைச் செய்து வெளியே அனுப்புகிறது. பெரும்பாலானவை எந்தச் சண்டையும் பார்க்காமல் மிகச் சில நாட்களில் செத்துவிடும். விழுங்கணுக்கள் கிருமியைத் தின்னும் என்கிற விஷயத்தையே உலகம் 1882-இல்தான் புரிந்துகொள்ளத் தொடங்கியது. சிசிலியின் மெசினா நகரில் இலியா மெச்னிகோவ் நட்சத்திர மீன் குஞ்சின் கண்ணாடி போன்ற உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார், மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி அலையும் உயிரணுக்கள் மொய்த்திருந்தன. அதற்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசு, பால் எர்லிச்சுடன் பகிர்ந்து கிடைத்தது.

ஆரோக்கியமான முட்டியில் மூட்டு நீர் ஒரு டீஸ்பூன்கூடத் தேறாது, ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணுக்கள் 200-க்குக் கீழேதான் இருக்கும். பாக்டீரியா புகுந்த முட்டியில் அது 50,000-த்தைத் தாண்டுவது வழக்கம், லட்சத்தையும் தொடும், அதில் நூற்றுக்குத் தொண்ணூறு நியூட்ரோஃபில். மாமாவின் முட்டியில் ஊசி வழியே வந்த அந்தக் கெட்டியான மஞ்சள் குழம்பு கிருமிக் குழம்பு என்று எல்லோரும் நினைக்கிறோம். இல்லை, அதில் பெரும்பகுதி செத்த, சாகப்போகிற நியூட்ரோஃபில்கள். சில சீழுக்கு லேசான பச்சை நிறம் வருவதுகூட நியூட்ரோஃபிலுக்குள் நிறைந்திருக்கும் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதியின் நிறம்.

அந்த நொதி செய்வது என்ன தெரியுமா? ஹைட்ரஜன் பெராக்சைடையும் உப்பிலிருக்கும் குளோரைடையும் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் செய்கிறது. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் தண்ணீருக்குள் கிருமியைக் கொல்வது எதுவோ அதுவேதான். இது நியூட்ரோஃபிலின் வயிற்றுக்குள், விழுங்கிய பாக்டீரியாவின் மேல் விழுகிற வரை உயிர் காக்கும் ஆயுதம். வெளியே கொட்டினால்?

வெளியே கொட்டுகிறது. மூன்று நான்கு வழிகளில் கொட்டுகிறது. குருத்தெலும்பின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்ட பாக்டீரியாவை நியூட்ரோஃபில் விழுங்கப் பார்க்கும், அது சுவரோடு ஒட்டியிருப்பதால் விழுங்க முடியாது, வாயைச் சுவரில் வைத்து அழுத்தியபடியே உள்ளே இருப்பதை எல்லாம் அங்கேயே கக்கிவிடும். சில நியூட்ரோஃபில்கள் தம் டி.என்.ஏ.வையே வலை போலப் பின்னி வெளியே வீசும். இதை 2004-இல் பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் முதன்முதலில் விவரித்தார்கள். வலையில் கிருமி சிக்கும், ஆனால் வலை முழுக்க எலாஸ்டேஸ், கேத்தெப்சின் போன்ற அரிக்கும் நொதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னும் சிலவற்றை ஸ்டெஃபிலோகாக்கஸே வெடிக்கவைக்கும், வெள்ளணுவின் சவ்வில் ஓட்டை போடுவதற்கென்றே அதனிடம் நச்சுகள் இருக்கின்றன. கடைசியாக, எதுவும் நடக்காவிட்டாலும் நியூட்ரோஃபில் தானாகச் சாகும், சரியான நேரத்தில் மேக்ரோஃபேஜ் வந்து அதன் பிணத்தை விழுங்காவிட்டால் அது கிழிந்து சரக்கு எல்லாம் சிந்தும். லட்சக்கணக்கில் குவிந்துகிடக்கும் இடத்தில் யார் வந்து எத்தனையை அள்ளுவது!

இங்கே எனக்கு ரொம்ப நாளாக வியப்பாக இருக்கிற ஒரு நுட்பம் இருக்கிறது. இப்படி நொதிகள் சிந்தும் என்பது உடலுக்குத் தெரியும், அதனால் ரத்தத்திலும் திசு நீரிலும் அவற்றைக் கட்டிப்போடும் காவல் புரதங்களை நிறையவே வைத்திருக்கிறது. எலாஸ்டேஸைப் பிடிக்க ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின், கொலாஜன் வெட்டிகளைப் பிடிக்க வேறொரு வகை. சாதாரணச் சிந்தல் என்றால் இவை உடனே அமுக்கிவிடும். ஆனால் நியூட்ரோஃபில் கொட்டுகிற அந்த ஹைப்போகுளோரஸ் அமிலம் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சினின் முக்கியமான ஓர் இடத்தை ஆக்சிஜனேற்றம் செய்து அதை முடமாக்குகிறது, அதே அமிலம் தூங்கிக்கொண்டிருக்கும் கொலாஜன் வெட்டி நொதியைத் தட்டி எழுப்பியும் விடுகிறது. காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கத்தியை உறையிலிருந்து எடுத்துக்கொடுப்பது ஒரே கை.

சரி, நியூட்ரோஃபில் மட்டும்தான் குற்றவாளியா என்றால் இல்லை. மேக்ரோஃபேஜ் கொட்டிய டி.என்.எஃப்.பும் இன்டர்லூகின்-1-உம் குருத்தெலும்புக்குள் ஊறிப் போய், அங்கே அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும் குருத்தெலும்பு உயிரணுக்களைத் திசைமாற்றிவிடுகின்றன. அதுவரை அக்ரிகனையும் கொலாஜனையும் நெய்துகொண்டிருந்தவை இப்போது அவற்றை வெட்டுகிற நொதிகளைச் சுரக்கத் தொடங்கும். கட்டிய கொத்தனாரே கடப்பாரையை எடுத்த மாதிரி. பாக்டீரியா தொடாத இடத்தில்கூடக் குருத்தெலும்பு கரைவதற்கு இதுதான் காரணம். முதலில் போவது அக்ரிகன், சில நாட்களிலேயே கரைந்து வெளியேறத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டால் உயிரணுக்கள் மறுபடி நெய்து ஓரளவு ஈடுகட்டும். அடுத்துக் கொலாஜன் அறுபடும். கொலாஜன் வலை ஒரு முறை அறுந்தால் வயது வந்தவர்களுக்கு அது திரும்பக் கிடைப்பதில்லை. மாமாவின் ஐந்து நாள் தாமதத்தின் அர்த்தம் இங்கேதான் இருக்கிறது.

பிறகு எலும்பு. எலும்பை அரிப்பதற்கென்றே உடலில் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற பெரிய உயிரணு உண்டு, மேக்ரோஃபேஜின் பங்காளி, இரண்டும் ஒரே வம்சத்திலிருந்து பிறப்பவை. சாதாரணமாகப் பழைய எலும்பை அரித்துப் புதியதற்கு இடம் விடுவது அதன் வேலை. வீங்கிய மூட்டு உறையும் அங்கே திரண்ட டி அணுக்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களும் சுரக்கிற ரேங்க்-எல் என்ற புரதம் இவற்றைக் கூட்டம் கூட்டமாக உருவாக்கிவிடும். எலும்பின் ஓரம் அரிபடும். ஆனால் எக்ஸ்ரேயில் இது தெரிவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் வாரத்தில் "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்று கேட்டு நிம்மதியாக வீட்டுக்குத் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், அந்த நேரத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காதுதான்.

டி அணுக்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டெஃபிலோகாக்கஸின் சில வகைகள் சூப்பர் ஆன்டிஜென் என்ற நச்சைச் சுரக்கும். ஒரு டி அணு தனக்கென்று குறித்த ஒரே அடையாளத்தைப் பார்த்தால்தான் கிளர்ந்தெழ வேண்டும், இந்த நச்சு அந்த விதியை மீறி, சம்பந்தமே இல்லாத டி அணுக்களையும் மொத்தமாக எழுப்பிவிடும். எழுந்தவை இன்னும் மேக்ரோஃபேஜ்களை உசுப்பும், அவை இன்னும் நியூட்ரோஃபில்களைக் கூப்பிடும். எலிகளில் ஒரு வகை டி அணுக்களை நீக்கிவிட்டுப் பார்த்தபோது மூட்டுவாதம் லேசாகத்தான் வந்தது.

இந்த எலிப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் 1990-களிலிருந்து நடந்துவருபவை. எலியின் வாலில் ஸ்டெஃபிலோகாக்கஸை ஏற்றினால் மனிதனுக்கு வருவது போலவே ரத்தம் வழியாக மூட்டுக்குப் போகும். அங்கே கிடைத்த முடிவுகளை வரிசையாகப் படித்தால் "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினார்கள்" என்று வெள்ளணுக்களைத் திட்டத் தோன்றும், அடுத்த பக்கத்திலேயே திட்டியதற்காக வருத்தப்படவும் தோன்றும். மேக்ரோஃபேஜ்களைக் குறைத்த எலிகளுக்கு மூட்டுவாதம் குறைந்தது, ஆனால் கிருமியை விரட்ட முடியாமல் தவித்தன. டி.என்.எஃப். இல்லாமல் பிறந்த எலிகளுக்கு மூட்டு நன்றாக இருந்தது, ரத்தத்தில் கிருமி பெருகி அதிகமாகச் செத்தன. நியூட்ரோஃபிலை நீக்கியபோது நிலைமை இன்னும் மோசம், கிருமி கட்டுக்கடங்காமல் பரவியது. இன்டர்லூகின்-1 வேலை செய்யாத எலிகளுக்கு மூட்டுவாதமே கடுமையானது. வீட்டைக் கொளுத்தியவர்கள் இல்லாவிட்டால் வீட்டில் ஆளே மிஞ்சியிருக்கமாட்டார்கள் என்பதுதான் இதற்கெல்லாம் பொருள். உடம்பு ஒரு கணக்குப் போடுகிறது: முட்டி போனாலும் பரவாயில்லை, உயிர் இருக்கட்டும். மருந்து இல்லாத காலத்தில் உருவான கணக்கு அது. பெனிசிலினுக்கு முன்னால் மனிதர்கள் பிழைத்திருந்தது அந்தக் கணக்கால்தான்.

ஆன்டிபயாடிக் வந்த பிறகு கணக்கு மாறியிருக்க வேண்டும், ஆனால் வெள்ளணுக்களுக்கு அது தெரியாது. இங்கேதான் மாமாவின் கேள்விக்கு நேரடிப் பதில் வருகிறது. பாக்டீரியா செத்தாலும் அதன் உடல் கரைந்து காணாமல் போய்விடுவதில்லை, சுவர்த் துண்டுகளும் கொழுப்புப்புரதங்களும் டி.என்.ஏ.வும் மூட்டுக்குள் கிடக்கும். மேக்ரோஃபேஜின் உணரிக்கு உயிருள்ள கிருமிக்கும் செத்த கிருமியின் துண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 2019-இல் அதே கோத்தன்பர்க் குழுவினர், ஸ்டெஃபிலோகாக்கஸின் கொழுப்புப்புரதத்தை மட்டும் சுத்தமாகப் பிரித்து, ஒரே ஒரு முறை எலியின் முட்டியில் செலுத்திப் பார்த்தார்கள். உயிருள்ள பாக்டீரியா ஒன்றுகூட இல்லை. முட்டி வாரக்கணக்கில் வீங்கிக் கிடந்து எலும்பும் அரிபட்டது, அதில் மேக்ரோஃபேஜ்களுக்குப் பெரும்பங்கு இருந்தது. முயல்களில் நடந்த பழைய பரிசோதனை ஒன்றில் தொற்று ஏற்படுத்திய ஒரு நாளுக்குள் ஆன்டிபயாடிக் தொடங்கியும் குருத்தெலும்பு இழப்பு குறைந்ததே தவிர முழுதாக நிற்கவில்லை. ரிப்போர்ட்டில் எதுவும் வளரவில்லை என்று எழுதியிருந்த அந்த நாட்களிலும் மாமாவின் முட்டிக்குள் அரிப்பு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

மூட்டைக் கழுவுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் இதிலிருந்தே விளங்கும். நரம்பில் மருந்து ஏறுகிறதே, எதற்கு முட்டியை வேறு திறந்து கழுவுகிறார்கள் என்று மாமாவின் மகன் அன்றைக்கு மருத்துவமனை வராந்தாவில் கோபப்பட்டான். மருந்து கிருமியைக் கொல்லும், ஆனால் மூட்டுக்குள் குளம் கட்டி நிற்கிற நொதியையும் செத்த நியூட்ரோஃபிலையும் கிருமித் துண்டையும் மருந்து வெளியே எடுத்துப் போடாது. அதை ஊசியால் திரும்பத் திரும்ப உறிஞ்சியோ, கேமரா வைத்துக் கழுவியோ, திறந்தோதான் எடுக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு, குளம் கட்டினால் உள்ளே அழுத்தம் ஏறும். குழந்தைகளின் இடுப்பு மூட்டில் இந்த அழுத்தம் தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்தத்தையே நெரித்துவிடும். அதனால்தான் காலை ஊன்ற மறுத்து, இடுப்பை அசைத்தால் வீறிடுகிற, காய்ச்சல் இருக்கிற குழந்தையைப் பார்த்தால் எலும்பு மருத்துவர்கள் அவ்வளவு அவசரப்படுகிறார்கள். பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல்கூட இருக்காது, ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கும், டயப்பர் மாற்றும்போது அழும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு கிருமியையும் சொல்லாமல் விடக்கூடாது, பர்க்ஹோல்டேரியா சூடோமாலி. வயல் சேற்றிலும் மழைத் தண்ணீரிலும் இருப்பது, காலில் வெட்டுக்காயம் உள்ள, சர்க்கரை கட்டுப்படாத ஆட்களைத் தேடிப் பிடிப்பது. வருகிற நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர், தமிழ்நாட்டிலும் இருக்கிறது, மூட்டிலும் போய் உட்காரும். இந்த நோயை உலகத்துக்கு முதலில் விவரித்தது 1912-இல், ரங்கூனில். ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடன் இருந்த சி.எஸ். கிருஷ்ணசாமியும் சேர்ந்து எழுதினார்கள். அப்போது ரங்கூன் செட்டிநாட்டுக்கு இரண்டாவது ஊர் மாதிரி. நகரத்தார் லேவாதேவிக் கடைகள் அங்கேதான், இங்கே வளவில் நிற்கும் தேக்குத் தூண்கள் அங்கிருந்து கப்பலேறி வந்தவைதான். பணமும் தேக்கும் வந்த அந்த ஊரில் அடையாளம் காணப்பட்ட கிருமி நம் வயல்களிலும் இருக்கிறது என்பது எனக்குப் படிக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும். விஷயத்துக்கு வருவோம். இந்த பாக்டீரியா விழுங்கணுவுக்குள்ளேயே உயிரோடு இருக்கப் பழகியது. விழுங்கிய பிறகும் சாகாது, உள்ளிருந்தபடியே பக்கத்து உயிரணுவுக்குத் தாவும். வழக்கமான பல ஆன்டிபயாடிக்குகள் இதனிடம் பலிக்காது, செஃப்டாஸிடிம் அல்லது மெரோபெனம் முதலில், பிறகு மாதக்கணக்கில் கோட்ரைமாக்சசோல் மாத்திரை என்று சிகிச்சை நீளும். அதனால் எந்தக் கிருமி என்று தெரியாமல் மருந்தைத் தொடங்குவது இங்கே இன்னும் ஆபத்து.

சர்க்கரை நோய் இதில் என்ன செய்கிறது என்று பலர் கேட்கிறார்கள். சர்க்கரை ஏறியிருக்கும் உடம்பில் நியூட்ரோஃபில் மெதுவாக நகரும், சரியாக விழுங்காது, விழுங்கியதைச் சரியாகக் கொல்லாது. ஆனால் வந்து குவிவதில் குறை இருக்காது, சிந்துவதிலும் குறை இருக்காது. கொல்லும் திறமை குறைந்து அரிக்கும் திறமை அப்படியே இருக்கிற படை என்று வைத்துக்கொள்ளுங்கள். சரவாங்கி என்று நாம் சொல்லும் ருமட்டாய்டு மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல், அதற்காக டி.என்.எஃப்.பைத் தடுக்கும் ஊசி போடுகிறவர்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு என்று பிரிட்டனின் நோயாளிப் பதிவேடு காட்டுகிறது. அவர்களுக்கு ஏற்கெனவே மூட்டு வலி இருப்பதால் புதிதாக ஒரு மூட்டு மட்டும் வீங்கினாலும் பழையதுதான் என்று விட்டுவிடுவார்கள்.

இதை எழுதும்போது எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிற சங்கதி ஒன்று. 2006-இல் சிக்குன்குன்யா வந்தபோது ஊரே கைகால் மடங்காமல் கிடந்ததைப் பார்த்ததிலிருந்து, காய்ச்சலோடு மூட்டு வலி என்றாலே கொசு என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. சிக்குன்குன்யா பல மூட்டுகளை ஒன்றாகப் பிடிக்கும், கை, கணுக்கால், விரல் என்று இரண்டு பக்கமும். ஒரே ஒரு மூட்டு, அதுவும் முட்டி போன்ற பெரிய மூட்டு, ஒன்றிரண்டு நாளில் வீங்கி, சூடாகி, கொஞ்சம் அசைத்தாலே உயிர் போகிற வலி என்றால் அது வேறு, காய்ச்சல் இல்லாவிட்டாலும் வேறு. கவுட் என்ற யூரிக் அமில வாதமும் இப்படித்தான் வரும், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், ஊசியால் நீர் எடுத்துப் பார்க்காமல் பிரிக்க முடியாது. அந்த நீரை எடுப்பதற்கு முன்னால் மெடிக்கலில் இரண்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டால் கிருமி பாதி செத்து, பரிசோதனையில் வளராமல் ஒளிந்துகொள்ளும், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதே தெரியாமல் போகும். முட்டியில் நேராக ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால் வலி குறையும், கிருமி பெருகும்.

ஸ்டீராய்டு என்றதும் மாமா விடவில்லை. "வெள்ளணுதான் அரிக்குதுன்னா, அதை அடக்குற மருந்தைக் கொடுக்கலாம்ல?" என்றார். நியாயமான கேள்வி, பலர் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பதும் இதைத்தான். எலிகளில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டைச் சேர்த்துக் கொடுத்தால் மூட்டு தேறியது. ஆன்டிபயாடிக்கோடு டி.என்.எஃப். தடுப்பு மருந்தைச் சேர்த்தபோதும் தேறியது. கிருமியைக் கட்டுக்குள் வைக்க ஒரு மருந்து, படையை நிறுத்த இன்னொன்று, இரண்டும் சேர்ந்தால்தான் பலன், தனியாகக் கொடுத்தால் ஆபத்து. குழந்தைகளில் கோஸ்டா ரிகாவிலும் இஸ்ரேலிலும் சில நாள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்துக் கொடுத்துச் சோதித்தார்கள், சேர்த்துக் கொடுத்த குழந்தைகளுக்கு வீக்கமும் வலியும் சீக்கிரம் அடங்கின. சோதித்த குழந்தைகளின் எண்ணிக்கை சிறியது, வருஷக்கணக்கில் அந்த மூட்டுகள் எப்படி இருந்தன என்ற கேள்விக்கு அவற்றை வைத்து உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு, அதிலும் சர்க்கரை இருக்கிற பெரியவர்களுக்கு, ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை எகிறும். அதனால் அது இன்னும் வழக்கமான சிகிச்சையாக ஆகவில்லை. மூட்டில் சீழ் பிடிக்கும் இந்த நோயில் நூற்றுக்கு ஏறக்குறைய பத்துப் பேர் இறக்கிறார்கள், பிழைத்தவர்களில் கால்வாசி முதல் பாதிப் பேர்வரை மூட்டில் ஏதோ ஒரு குறையோடு வாழ்கிறார்கள். மருந்துகள் இவ்வளவு மாறியும் இந்தக் கணக்கு பெரிதாக இறங்கவில்லை. கிருமியைக் கொல்ல மட்டுமே மருந்து தேடியதன் விளைவு இது என்று நான் நினைக்கிறேன்.

எல்லாம் கேட்டுவிட்டு மாமா கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப, என்னைக் காப்பாத்தினதும் அதுதான், காலைக் கெடுத்ததும் அதுதான்" என்றார். ஆமாம் என்றேன். இப்போது பிசியோதெரபியில் முட்டி தொண்ணூறு பாகை வரை மடங்குகிறது. நாற்காலியில் உட்கார வருகிறது, மாடி ஏற வருகிறது, பந்தியில் சம்மணம் போட வரவில்லை. இந்தத் தைக்குக் குன்றக்குடியில் காவடி கிளம்பியபோது அவர் போகவில்லை, நடக்கப் போன பையன்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவன் உள்ளங்காலையும் தூக்கிப் பார்த்துவிட்டு, கொப்புளம் வந்தால் உடைக்காதே, உடைந்தால் அன்றைக்கே காட்டு, வந்த பிறகு ஒரு மூட்டு மட்டும் வீங்கினால் ராத்திரியானாலும் கிளம்பு என்று சொல்லி அனுப்பினார்.